முகம் மறைந்தாலும் நடை தெரியும்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் காலையில் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் முகம் தெரியாது. ஆனாலும் குறுக்குப் பாதையில் எதிரே வருவது யார் என்று அம்மாயி சொல்லிவிடுவார். "மேல் லயத்துப் பெரியவர்தான், எடது காலை இழுத்து வைக்கிறார் பாரு." போன மாதம் யாரோ அனுப்பிய காணொளி ஒன்றில், மறியலுக்கு, அதாவது சிறைக்கு, கொண்டுபோகப்படும் ஓர் இளைஞனின் முகத்தைக் கலங்கலாக்கியிருந்தார்கள். அம்மாயி போனை ஒருதரம் பார்த்தார். அவன் பெயரையும் அவன் அப்பா பெயரையும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

சிறைச்சாலை வழக்குகளில் காணொளியை என்ன செய்வது என்ற சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சிறைக்குள் தன்னை அடித்தார்கள் என்று ஒரு கைதி நீதிமன்றம் போகிறார். சுவருக்குள் நடந்ததற்கு வெளியாள் சாட்சி இல்லை, கமெராதான் சாட்சி. 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதை நாம் அறிவது பெரும்பாலும் உயிர் தப்பியவர்களின் வாய்மொழியால்தான். காட்சிக்கு எவ்வளவு பெறுமதி என்று இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே காட்சிக்குள் வழக்கோடு சம்பந்தமே இல்லாத இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் உடற்சோதனைக்காக உடுப்பைக் கழற்றியிருப்பார், ஒருவருக்கு வலிப்பு வந்திருக்கும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நமது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவரின் அந்தரங்கத்தைத் தேவையில்லாமல் குலைக்கும் தகவலைத் தர மறுக்கலாம். பொதுநலன் அதைவிடப் பெரிதானால் தரத்தான் வேண்டும். மறுக்க வேண்டிய பகுதியைப் பிரித்தெடுக்க முடியுமானால், மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும். காகிதத்தில் பிரிப்பது சுலபம், கறுப்பு மையால் இரண்டு வரியை அடித்தால் போதும். காணொளியில் அது அவ்வளவு சுலபமில்லை.

கலங்கலாக்குவது என்றால், படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியாக மாற்றுவது. கட்டம் கட்டமாகத் தெரியும் முறையும் சராசரிதான்: 16க்கு 16 என்று ஒரு கட்டம் எடுத்தால் அதிலுள்ள 256 புள்ளிகளும் ஒரே நிறமாகிவிடும். நிறையத் தகவல் போய்விடுகிறது, உண்மைதான். எல்லாம் போவதில்லை. நெற்றி எங்கே வெளுப்பு, தாடி எங்கே கறுப்பு என்பது சராசரிக்குள்ளும் மிஞ்சுகிறது. சந்தேகப்படும் ஆட்களின் படங்கள் நம்மிடம் இருந்தால், கலங்கிய முகத்தைத் தெளிய வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இருக்கிற படங்களையும் அதேபோலக் கட்டமாக்கி, எது பொருந்துகிறது என்று பார்த்தால் முடிந்தது. 2016இல் டெக்சஸ், கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினிக்கு இதைப் பழக்கிக் காட்டினார்கள். அம்மாயி செய்ததும் ஏறக்குறைய இதுதான். உலகத்து முகங்களில் அவர் தேடவில்லை. நம் தோட்டத்துப் பையன்களுக்குள் தேடினார். ஒரு சிறைக்கூடத்தில் அறுபது பேர் இருந்தால், தேட வேண்டியதும் அந்த அறுபதுக்குள்தான்.

முகத்தைச் சுழல்போல முறுக்கி மறைப்பது இன்னும் மோசம். முறுக்கும்போது புள்ளிகள் இடம் மாறுகின்றனவே தவிர அழிவதில்லை. சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்த ஒருவர் தன் முகத்தை அப்படித்தான் மறைத்திருந்தார். ஜேர்மன் பொலிஸ் நிபுணர்கள் அதைத் திருப்பி முறுக்கினார்கள். 2007 ஒக்டோபரில் இன்டர்போல் அந்த முகத்தை வெளியிட்டது, இரண்டு வாரத்துக்குள் அவர் தாய்லாந்தில் பிடிபட்டார்.

சரி, அப்படியானால் எது பாதுகாப்பு? முழுக் கறுப்பு. எல்லாப் புள்ளியும் பூச்சியமாகிவிட்டால் திருப்பி எடுக்க எதுவும் இல்லை. ஆனால் கறுப்பை மேலே ஒட்டினால் போதாது, படத்தோடு கலந்து கோப்பைப் புதிதாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் போர்வையை விலக்குவதுபோல யாராவது விலக்கிப் பார்த்துவிடுவார்கள். அப்புறம் எண்ணிக்கை. விநாடிக்கு 25 படம் என்றால் பத்து நிமிடத்துக்கு 15,000 படம். முகம் தேடும் மென்பொருள் நேராகப் பார்க்கும் முகத்தை நன்றாகப் பிடிக்கும்; குனிந்த முகத்தையும் பாதி திரும்பிய முகத்தையும் தவறவிடும். ஒரே ஒரு படத்தில் தவறினாலும் நிறுத்திப் பார்ப்பவருக்கு அது போதும். கடைசியில் மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். பச்சை குத்திய கை, கட்டில் இலக்கம், குரல், நொண்டும் நடை எல்லாம் அவர் கண்ணில் பட வேண்டும்.

அமெரிக்காவின் குவாண்டனாமோ தடுப்பு முகாமில் உண்ணாவிரதம் இருந்த அபு வாயில் தியாப் என்ற சிரியருக்கு வலுக்கட்டாயமாக உணவேற்றிய காணொளிகளை, ஊடகங்கள் கேட்டதன் பேரில் வெளியிடலாம் என்று 2014இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் கட்டளையிட்டார். மற்றவர்களின் முகம், குரல், பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு என்பது நிபந்தனை. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தேசப் பாதுகாப்பைச் சொல்லி அதைத் தள்ளிவிட்டது. என் கருத்து, கைதிகளின் முகத்தை மறைப்பதும் கடமையில் இருக்கும் உத்தியோகத்தரின் முகத்தை மறைப்பதும் ஒன்றல்ல. சீருடையோடு அரச வேலை பார்ப்பவர் அந்த நேரத்தில் செய்வது அவருடைய அந்தரங்கம் ஆகாது.

மறைத்த பிரதியைக் காட்டினால் "வெட்டி ஒட்டிவிட்டார்கள்" என்ற பேச்சு வரும். அதற்குத்தான் ஹாஷ். மூலக் கோப்பை எஸ்எச்ஏ-256 என்ற கணக்கில் ஓட்டினால் 64 எழுத்துள்ள ஒரு கைரேகை கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை அடியோடு மாறும். மூலத்தை முத்திரையிட்டு நீதிமன்றத்தில் வைத்து, கைரேகையைப் பதிந்துவிட்டால், எத்தனை வருடம் கழித்தும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் மூலம் கையில் இருந்தால்தான். சிசிடிவிப் பெட்டி வட்டமாகச் சுழலும். வன்தட்டு நிரம்பியதும் பழையதன் மேல் புதியதை எழுதும். ஒரு கமெரா விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிகாபைட். பதினாறு கமெராவுக்கு 4 டெராபைட் தட்டு பதினொன்றரை நாள்தான் தாங்கும். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவதோ ஒரு மாதம். சொந்தக்காரர் பல்லேகலைச் சிறைக்குப் பார்க்கப்போய், காயத்தைக் கண்டு, கண்டியில் சட்டத்தரணி தேடி, கடன் வாங்கி மனு எழுதி முடிப்பதற்குள் பெட்டி இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். அதனால் சட்டத்தரணி முதல் நாளே அனுப்ப வேண்டிய கடிதம் காணொளியைக் காட்டச் சொல்வதல்ல; எந்தத் திகதி, எந்த நேரம், எந்தக் கமெரா என்று எழுதி, அதை அழியாமல் எடுத்துவைக்கச் சொல்வது.