பாதி வழக்கம்தான் நீதிமன்றத்துக்கு வருகிறது

போன வருடம் ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பழைய காணி உறுதி. தாய்வழிச் சீதனமாகக் கிடைத்த இரண்டு பரப்புக் காணி. மகளின் படிப்புச் செலவுக்காக அதை விற்க வேண்டும், வாங்கவும் ஆள் தயார். கணவர் வீட்டைவிட்டுப் போய்ப் பதினான்கு வருடம், எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம்.

"கையெழுத்து வைக்க அவர் எங்கை சேர்?" என்றார். பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். "என்ன செய்யிறது, இது எங்கட வழக்கம்தானே."

இந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு பொட்ஸ்வானாவின் கான்யே ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். ஏன் அவ்வளவு தூரம் போகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒல்லாந்தர் இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் விட்டுப்போன உரோம டச்சுச் சட்டம் இரண்டு பக்கத்து நீதிமன்றங்களிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. தென்னாபிரிக்கத் தீர்ப்புகளைப் புரட்டுவது எங்கள் தொழிலில் புதிய விசயம் இல்லை. கடன் வழக்குக்கு மேற்கோள் தேடப் போய்ப் பக்கத்து நாடுகளின் குடும்ப வழக்குகளில் மூழ்கிப்போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

கான்யேயில் நாலு சகோதரிகள். தகப்பன் இறந்துவிட்டார். குடும்ப வீட்டைத் தங்கள் காசைப் போட்டுப் பராமரித்துத் திருத்தி வைத்திருந்தவர்கள் இவர்கள்தான். ஆனால் அங்குள்ள ங்வாகெட்சே மக்களின் வழக்கப்படி குடும்ப வீடு கடைசி ஆண்பிள்ளைக்கு. சகோதரன் முறையான ஒருவர் அந்தக் கடைசி மகனோடு வீட்டை மாற்றிக்கொண்டதாகச் சொல்லி, அவருடைய மகன், அதாவது இந்தப் பெண்களுக்கு மருமகன் முறையானவர், வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். வழக்காற்று நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, கடைசியில் வழக்காற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சகோதரிகள் தோற்றார்கள். பிறகுதான் நாட்டின் மேல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இதுதான் ம்முசி வழக்கு. (இந்திய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மேல் நீதிமன்றம் உங்கள் உயர் நீதிமன்றம். எங்கள் உயர் நீதிமன்றம் உங்கள் உச்ச நீதிமன்றம். இந்தக் குழப்பத்தில் நானே தடுக்கி விழுந்திருக்கிறேன்.)

அரசு தரப்பு சொன்ன வாதம் எனக்கு மிகவும் பழக்கப்பட்டது. சமூகம் இன்னும் தயாராக இல்லை என்றார்கள். பொட்ஸ்வானா அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு பாரபட்சத்தைத் தடைசெய்தாலும், மரபுரிமை போன்ற தனிநபர் சட்ட விசயங்களையும் வழக்காற்றுச் சட்டத்தையும் அந்தத் தடைக்கு வெளியே விட்டு வைத்திருந்தது. ஒரு சட்டத்தரணியாகச் சொன்னால், சகோதரிகளின் தரப்பு லேசில் வெல்லக்கூடியது அல்ல. 2012 ஒக்டோபர் 12ஆம் திகதி நீதிபதி கீ டிங்காகே சகோதரிகள் பக்கம் தீர்ப்பளித்தார். பிறக்கத் துடிக்கும் ஒரு புதிய உலகத்துக்கு நீதிபதிகள் மருத்துவிச்சியாக நிற்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். சமூகம் தயாரில்லை என்பதற்காகச் சமத்துவத்தை மறுக்க முடியாது என்றும் சொன்னார்.

பேப்பர்களில் அந்த மருத்துவிச்சிதான் வந்தார். எனக்குப் பிடித்தது அடுத்த வருடம் செப்டெம்பர் 3ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் செய்த வேலை. அவர்களும் சகோதரிகளுக்கே வீட்டைக் கொடுத்தார்கள், ஆனால் வேறு வழியால். அரசியலமைப்புக்குப் போக முதல், அந்த வழக்கம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். சகோதரிகள் தோற்ற இடத்தில் சொல்லப்பட்ட அளவுக்கு அது இறுகிப்போனது அல்ல, காலத்தோடு நகர்ந்து வந்திருக்கிறது என்று கண்டார்கள். பெண்பிள்ளை குடும்ப வீட்டை எடுக்கவே முடியாது என்பது இன்று வாழும் வழக்கம் இல்லை என்றார்கள். வழக்கத்தை உடைக்காமலே வென்ற வழக்கு அது. தீர்ப்பு வந்தபோது மூத்த சகோதரிக்கு வயது 80 ஆகியிருந்தது.

இதே நாட்டில் 1992இல் யூனிட்டி டவ் என்ற சட்டத்தரணி இன்னொரு வழக்கை வென்றிருந்தார். வெளிநாட்டவரை மணந்த பொட்ஸ்வானாப் பெண்ணின் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்ற 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரான வழக்கு. எங்கள் சமூகம் தந்தை வழிச் சமூகம் என்று அங்கேயும் அரசு வாதாடித் தோற்றது. அவரே பிறகு அந்த நாட்டின் மேல் நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியானார். சரி, அது வேறு கதை.

தென்னாபிரிக்காவுக்கு வருவோம். கேப் டவுனுக்குப் பக்கத்தில் கயலிட்சா என்ற இடம். ஒரு தச்சர், வீட்டுவேலைக்குப் போகும் ஒரு பெண், இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். இருவரும் பதிவுத் திருமணமோ வழக்காற்றுத் திருமணமோ செய்திருக்கவில்லை. அரசு வீட்டுமானியத்தில் நிலத்தை வாங்கி, கட்டுமானப் பொருட்களையும் வாங்கி வைத்துவிட்டுத் தற்காலிகக் கொட்டிலில் இருந்தார்கள். வீடு எழும்ப முதல் அவர் 2002இல் மரண சாதனம் (உயில்) எதுவும் எழுதாமல் இறந்துபோனார். வழக்கப்படி உரிமைக்காரர் ஆண். மகள்கள் இல்லை, அவர்களின் தாயும் இல்லை, இறந்தவரின் தகப்பன். அந்தப் பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? செத்தவீட்டுச் செலவை அடைக்க அந்தக் காணியை விற்கப் போவதாகச் சொன்னார்.

இதுதான் பே வழக்கு. இதோடு சேர்த்து இன்னொன்றும் கேட்கப்பட்டது. சகோதரன் இறந்ததும் சகோதரிக்கு எதுவும் இல்லை என்று சொல்லி, ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவரிடம் சொத்து நிர்வாகத்தைக் கொடுத்தார்கள். அவர் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டார். மிச்சம் இன்னொரு ஒன்றுவிட்ட சகோதரனுக்குப் போனது.

2004 ஒக்டோபர் 15ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னது. பிரதிப் பிரதம நீதியரசர் பயஸ் லாங்கா எழுதிய அந்தத் தீர்ப்பில், எல்லாச் சட்ட மாணவரும் வாசிக்க வேண்டிய ஒரு கருத்து இருக்கிறது. பழைய காலத்தில் மூத்த ஆண் வாரிசு சொத்தை மட்டும் எடுக்கவில்லை, இறந்தவரின் குடும்பத்தைச் சுமக்கும் பொறுப்பையும் எடுத்தார். சொத்து குடும்பத்துக்கு, அவர் அதன் காவல்காரர். இன்று பிள்ளைகள் ஓரிடம், வாரிசு ஓரிடம். பொறுப்பு வழியில் எங்கோ விழுந்துவிட்டது, சொத்து மட்டும் வாரிசின் கைக்கு வந்து சேர்கிறது.

என் மேசைக்கு வரும் வழக்கமும் இப்படித்தான், பாதியாக வருகிறது. உரிமைப் பாதி பத்திரமாக இருக்கும், கடமைப் பாதியை ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். பதினான்கு வருடம் ஒரு சதம் அனுப்பாத கணவருக்குக் கையெழுத்து அதிகாரம் மட்டும் மிச்சமிருப்பது எந்த வழக்கம்?

அந்த வழக்கத்தை எழுதி வைத்தது யார் என்றும் பார்க்க வேண்டும். தென்னாபிரிக்காவில் அது கறுப்பின நிர்வாகச் சட்டம், 1927. கறுப்பினத்தவர் மரண சாதனம் இல்லாமல் இறந்தால் சொத்து விவகாரத்தை மாஜிஸ்திரேட் பார்த்தார். வெள்ளையர் இறந்தால் மேல் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் பார்த்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி வளைத்துக் கொடுத்த ஒரு விசயத்தை, காலனி அலுவலகம் கடதாசியில் அறைந்து இறுக்கிவிட்டது. எங்கள் தேசவழமையும் அப்படித்தான். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்தார், பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள்.

பே வழக்கில் ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். நீதிபதி ங்கோபோ. பெரும்பான்மையினர் செய்ததுபோல் வழக்காற்றைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லோரையும் பொதுச் சட்டத்துக்குள் தள்ளாமல், மூத்த மகளும் வாரிசாகலாம் என்று வழக்காற்றையே வளர்த்தெடுக்கலாம் என்றார் அவர். மனசளவில் நான் அவர் பக்கம். ஆனால் அந்தச் சிறுமிகள் காத்திருக்க முடியாது என்பதால், சட்டத்தரணியாகப் பெரும்பான்மைத் தீர்ப்போடு நிற்கிறேன்.

நடைமுறையில் சறுக்கும் இடத்துக்கு சிம்பாப்வேயின் மகாயா வழக்கு நல்ல உதாரணம். மூத்த பிள்ளை பெண். தகப்பன் இறந்ததும் வாரிசு உரிமை இளையவரான ஆணுக்குப் போனது. 1999இல் நாட்டின் உச்சியிலுள்ள நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இதற்குள் சட்டம் திருத்தப்பட்டாயிற்று. ஆனால் திருத்தம் 1997 நவம்பர் 1க்குப் பிறகு இறந்தவர்களின் சொத்துக்குத்தான். தகப்பன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரு திகதி அந்த மகளைத் தெருவில் விட்டது. புதிய சட்டம் வந்ததென்று கேள்விப்பட்டால், எந்தத் திகதியிலிருந்து என்பதை முதலில் கேளுங்கள்.

நைஜீரியாவின் உக்கேஜே வழக்கில் தகப்பன் இறந்தது 1981இல். இக்போ வழக்கப்படி மகளுக்குப் பங்கில்லை என்பது அரசியலமைப்பின் 42ஆம் பிரிவுக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 ஏப்ரலில். முப்பது வருடத்துக்கும் மேல்! இதற்கிடையில் அந்த மகள், தான் அவருடைய மகள்தான் என்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ்தான் கைகொடுத்தது. 2003இல் மாபுட்டோவில் ஏற்கப்பட்ட ஆபிரிக்கப் பெண்கள் உரிமை நெறிமுறை, பெற்றோர் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 21ஆம் உறுப்புரையில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் வழக்குப்போட வருபவரிடம் நான் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழைத்தான்.

அப்புறம் அந்த சீதனக் காணி. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கணவர் கைவிட்டுப் போனாலோ இருப்பிடம் தெரியாவிட்டாலோ, மாவட்ட நீதிமன்றமே அந்தச் சம்மதத்தின் இடத்தில் நின்று அனுமதி கொடுக்க வழி வைத்திருக்கிறது. பல பேருக்கு இது தெரியாது. யாரோ ஒரு தரகர், கணவரின் கையெழுத்தைப் போட ஆள் இருக்கு என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அதைச் செய்யாமல் என்னிடம் வந்தது அவரின் புத்தி. அப்படி எழுதும் உறுதி நாளைக்கு ஒரு சதத்துக்கும் பெறாது. சிறைக்குப் போகிறது வேறு.

சத்தியக் கடதாசி எழுதிக்கொண்டிருக்கும்போது கான்யேச் சகோதரிகளின் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"கடைசியிலை வீடு கிடைச்சதோ?"

"கிடைச்சது. மூத்தவவுக்கு எண்பது வயதிலை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கிராம அலுவலரிடம் கடிதம் எடுக்கக் கணவரின் அடையாள அட்டை இலக்கமும் தேவைப்படுமா என்று கேட்டார். தேவைப்படும் என்றேன். பழைய கலியாணப் பதிவில் அது இருக்கும், நாளைக்குக் கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு எழும்பினார்.