மொரிஸ் மைனரின் டிக் டிக் எங்கிருந்து வருகிறது?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் பொனட்டுக்குள் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். கார் மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குள் போவதற்குள் அது காணாமல் போய்விடும், அடுத்த நாள் காலை மறுபடியும் வந்து நிற்கும். எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் இரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. டெப்பட் சத்தம், அதாவது வால்வுகளைத் தள்ளும் பாகத்தின் சத்தம் என்று சொல்லி ஒரு கராஜில் வால்வு அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுத்தார்கள், ஒன்றும் மாறவில்லை. சூடேற ஏறக் குறைகிற டிக், மேட்டில் ஏறும்போது மட்டும் கூடுகிற டிக் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டைத்தான், அதாவது எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாயை.

எஞ்சினில் எரிந்து முடிந்த புகை ஒரே சீராக வெளியே வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும்போது அடைபட்டிருந்த அழுத்தம் ஒரு அடி மாதிரி வெளியே பாயும். மெனிபோல்ட்டுக்கும் எஞ்சினின் மேற்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால்கூட அந்த அடி அதன் வழியாகவும் பீறும், அதுதான் டிக். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு சிலிண்டருக்கு ஒரு அடி. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் செக்கனுக்கு ஆறு டிக் அளவில் கேட்கும். மைனரின் ஹெட்டில் ஒரு விசேஷம் உண்டு: நான்கு சிலிண்டருக்கு எக்ஸோஸ்ட் வாய் மூன்றுதான், நடுவில் உள்ள 2ஆம், 3ஆம் சிலிண்டர்கள் ஒரே வாயால் விடுகின்றன. அதனால் நடுவாயில் ஒழுகினால் டிக் இரட்டை வேகத்தில் கேட்கும், ஓரத்து வாய் என்றால் அதில் பாதி வேகத்தில், செக்கனுக்கு அந்த ஆறு டிக். காதாலேயே பாதிக் கண்டுபிடிப்பு முடிந்துவிடும்.

மீதிக்கு ஒரு மீற்றர் ரப்பர் குழாய் போதும். வாவியில் துடுப்பை இறக்கி மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்பார்கள் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே வேலைதான். குழாயின் ஒரு நுனி காதில், மறுநுனியை மெனிபோல்ட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய அடைப்பான கேஸ்கெட்டின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள், ஃபேன் பெல்ட் பக்கம் கையைக் கொண்டு போகாமல். ஒழுகும் இடம் வந்ததும் சத்தம் காதில் அடிக்கும். அங்கேயே கறுப்பாகக் கரி படிந்திருப்பதையும் பார்க்கலாம்.

எங்கள் காரில் அது கடைசி ஸ்டட் (மெனிபோல்ட்டை ஹெட்டோடு பிடிக்கும் திருகுக் கம்பி) பக்கத்தில் இருந்தது. கேஸ்கெட் மாற்றினோம், ஒரு மாதத்தில் திரும்ப வந்தது. மறுகா இன்னொன்று மாற்றினோம், அதுவும் அப்படியே. கடைசியில் பார்த்த மெக்கானிக் பாஸ் மெனிபோல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்து, அதன் முகத்தில் ஒரு ஸ்டீல் ரூலரை நிமிர்த்தி வைத்து, "வெளிச்சம் தெரியுதா மனே?" என்று கேட்டார். ஓரத்தில் ரூலருக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.3 மில்லிமீற்றர் தகடு அதற்குள் இலேசாகப் போய் வந்தது. கேஸ்கெட்டில் குற்றம் இல்லை, இரும்பு வளைந்திருக்கிறது.

ஏன் வளைகிறது? ஓர் அடி நீள வார்ப்பிரும்பு 400 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர் நீளும். அது இறுக்கப்பட்டிருக்கும் ஹெட்டோ தண்ணீரால் குளிர்வதால் 90 பாகை அளவில் நின்றுவிடுகிறது, அது நீள்வது 0.2 மில்லிமீற்றர்தான். ஆக, ஒவ்வொரு ஓட்டத்திலும் மெனிபோல்ட் ஹெட்டின் மேல் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உரசி நகரப் பார்க்கிறது, இந்த இழுபறி ஓரங்களில்தான் மிக அதிகம். நட்டைக் கண்டபடி இறுக்கி அதை நகரவிடாமல் செய்தால் ஒன்றில் ஓரத்து ஸ்டட் முறியும், இல்லாவிட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கும். சூட்டில் டிக் நிற்பதற்கும் இதுதான் காரணம், விரிந்த இரும்பு இடைவெளியைத் தானே மூடிக்கொள்கிறது.

சரி, திருத்துவது எப்படி? கழற்றுவதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே நட்டுகளுக்கு எண்ணெய் ஊற விடுங்கள். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் பழைய ஸ்டட்டுகள் நட்டோடு ஒன்றாகிப் போயிருக்கும், அவசரப்பட்டு ஸ்பானரைப் போட்டால் முறிந்த ஸ்டட்டை ஹெட்டுக்குள் இருந்து எடுப்பதே தனி வேலையாகிவிடும். பழைய கேஸ்கெட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், உலர்ந்தபடி சுரண்ட வேண்டாம், நனைத்து எடுங்கள். மெனிபோல்ட்டின் முகத்தைப் பட்டறையில் கொடுத்து மட்டமாகச் சீவி எடுங்கள், அப்புறம் ஓரத்து ஸ்டட் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், இரும்பு நகர இடம் வேண்டும். நட்டுகள் பித்தளையில் இருக்கட்டும், துருப்பிடித்து ஒட்டாது. இறுக்குவது நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, ஏறத்தாழ 15 அடி இறாத்தல் மட்டும். கேஸ்கெட் முகத்தில் பசை பூசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மட்டமான முகத்துக்கு அது தேவையில்லை, வளைந்த முகத்தை அது காப்பாற்றாது.

"சின்னச் சத்தம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் காலத்துக் கார்களில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கிற ஏற்பாடு எதுவும் மைனரில் கிடையாது, பீறுகிற புகையில் காபனோரொட்சைட்டு அப்படியே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு மார்கழி மழையில் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு அம்பாறைக்குப் போனபோது பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குத் தாங்க முடியாத தலைவலி, வழியில் இறங்கிக் காற்றில் நின்றதும் குறைந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தோம். பெடல்களுக்கும் வயர்களுக்கும் விட்ட துளைகளின் ரப்பர்கள் எல்லாம் உக்கிப் போயிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன், பொனட்டுக்குள் இருப்பது உள்ளே வர அது போதும். அந்த ரப்பர்களையும் மெனிபோல்ட்டோடு சேர்த்தே மாற்றினோம்.

புதுக் கேஸ்கெட் சூட்டில் அமுங்கும், அதனால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சின் நன்றாக ஆறியதும் நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். எங்கள் காரில் முதல் நாள் எல்லா நட்டும் கால் சுற்றுக்கு வந்தன, இரண்டாம் நாள் இரண்டு மட்டும் கொஞ்சம் அசைந்தன. மூன்றாம் நாள் எதுவும் அசையவில்லை, காலையில் குழாயைக் காதில் வைத்துக் கேட்டபோது ஃபேன் காற்று மட்டும்தான் கேட்டது.