சீனாவில் குடியேறுவோருக்கான முதல் காகிதம்: 24 மணி நேர முகவரிப் பதிவு

சீனாவில் வேலையோ படிப்போ கிடைத்துக் கிளம்புகிறவர்கள், பாஸ்போர்ட்டில் விசா ஒட்டப்பட்ட நாளோடு பாதிக் கவலையை இறக்கி வைத்துவிடுகிறார்கள். விசா எல்லையைக் கடக்க உதவும். அங்கே தங்க, சம்பளம் வாங்க, வங்கிக் கணக்கு திறக்க வேறு காகிதங்கள் வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு அடிப்படையாக இருப்பது, வட்டாரக் காவல் நிலையம் தரும் ஒரே ஒரு தாள்: தற்காலிகத் தங்குமிடப் பதிவுச் சீட்டு. வேலை அனுமதி, குடியிருப்பு அனுமதி என்று பெரிய பெயர்களைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். இந்தச் சீட்டைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நுழைவு–வெளியேறல் நிர்வாகச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஹோட்டலில் தங்கினால் பதிவு ஹோட்டலின் பொறுப்பு. வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டை வாங்கி ஸ்கேன் செய்வது இதற்காகத்தான். ஹோட்டல் அல்லாத வேறு எந்த இடத்தில் தங்கினாலும், அது வாடகை வீடோ நண்பர் வீடோ, போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தங்குபவரோ தங்க வைப்பவரோ அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கை, அதோடு 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். முதல் தடவை தாமதமானால் எச்சரித்து அனுப்பும் காவல் நிலையங்கள் உண்டு. ஆனால் அதை உரிமையாக எண்ணிக்கொண்டு தாமதிக்கக் கூடாது.

பதிவுக்கு என்ன கேட்பார்கள்? உங்கள் பாஸ்போர்ட், அதில் உள்ள விசா, கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த முத்திரை, வாடகை ஒப்பந்தம். பெரும்பாலும் இவற்றோடு வீட்டு உரிமையாளரின் அடையாள அட்டை நகலும் வீட்டு உரிமைச் சான்றின் நகலும் வேண்டும். கடைசி இரண்டும் உங்கள் கையில் இல்லை என்பதுதான் பிரச்சினை. வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்ட விரும்பாத உரிமையாளர்கள், காவல் நிலையம் என்றதும் பின்வாங்குவதுண்டு. உள்வாடகைக்கு விடுபவரிடம் வீடு எடுத்தால் உரிமைச் சான்று வேறு யாரிடமோ இருக்கும். ஆகவே வீடு பார்க்கும்போது சமையலறை, மெட்ரோ நிலையத் தூரம் ஆகியவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி: 'வெளிநாட்டவர் பதிவுக்கு ஆவணங்கள் தருவீர்களா?' தரகர் தலையாட்டினால் போதாது. ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். ஒரு மாத வாடகை முன்பணமும் மூன்று மாத வாடகை முன்கூட்டியும் கட்டுவது அங்கே பரவலான வழக்கம். அவ்வளவு பணத்தைக் கொடுத்துவிட்டுப் பதிவுச் சீட்டுக்காகக் கெஞ்சி நிற்பது வீண் வேலை.

உரிமையாளரின் ஆவணங்களைப் புறப்படுவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பும் கூகுளும் சீனாவின் வழக்கமான இணைய இணைப்பில் திறக்காது. அங்கே எல்லோரும் பயன்படுத்தும் செய்திச் செயலியான வீசாட்டில் ஊரில் இருக்கும்போதே கணக்கு தொடங்கி, நகல்களைக் கைப்பேசியில் சேமித்து, இரண்டு பிரதி அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. ஷாங்காய் போன்ற சில நகரங்களில் இந்தப் பதிவை இணையம் வழியாகவே முடிக்கலாம். மற்ற இடங்களில் நேரில் போக வேண்டும். பெரிய பெருநகரம் அல்லாத ஊர்களில் ஆங்கிலம் தெரிந்த காவலர் கிடைப்பது அரிது. நிறுவனத்திலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்தச் சீட்டு ஒருமுறை வாங்கினால் தீர்ந்தது என்று இல்லை. வீடு மாறினால் புதிதாகப் பதிய வேண்டும். பாஸ்போர்ட் மாறினாலும், விசா குடியிருப்பு அனுமதியாக மாறினாலும் பதிவைப் புதுப்பிப்பதே பாதுகாப்பு. விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பினால் மறுபடியும் பதிய வேண்டுமா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது. அதே முகவரிக்குத் திரும்பும் அனுமதிதாரரைச் சில நகரங்கள் விட்டுவிடுகின்றன, சில விடுவதில்லை. உங்கள் காவல் நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள். பக்கத்து நகரத்து நண்பரின் அனுபவம் இங்கே செல்லாது.

அடுத்த கெடு 30 நாள்

வேலைக்குச் செல்பவருக்கு இசட் விசா. 180 நாளுக்கு மேல் படிப்பவருக்கு எக்ஸ்1. வேலை அல்லது படிப்புக்காகச் சென்றவரின் குடும்பத்தினர் 180 நாளுக்கு மேல் தங்க எஸ்1. இந்த விசாக்களில் 'தங்கும் காலம்' என்ற இடத்தில் பெரும்பாலும் 000 என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. நுழைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். விண்ணப்பத்தைப் பெறுவது மாவட்ட அல்லது நகர அளவிலான பொதுப் பாதுகாப்பு அமைப்பின் (காவல்துறையின்) நுழைவு–வெளியேறல் பிரிவு. அங்கே முதலில் கேட்கும் தாள்களில் மேலே சொன்ன பதிவுச் சீட்டும் ஒன்று.

ஓராண்டோ அதற்கு மேலோ செல்லும் அனுமதி கேட்டால் உடல் பரிசோதனைச் சான்றும் வேண்டும். வழங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கே அது செல்லும். விண்ணப்பத்தைப் பெற்ற 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதுவரை உங்கள் பாஸ்போர்ட் அந்தப் பிரிவிலேயே இருக்கும், கையில் ஒரு ரசீது தருவார்கள். அந்த ரசீதை வைத்து உள்ளே தங்கலாமே தவிர நாட்டை விட்டு வெளியே போக முடியாது. இசட் விசா பெரும்பாலும் ஒரே ஒரு நுழைவுக்கானது என்பதால், அனுமதி கிடைக்கும் முன் அவசரத்துக்கு ஊருக்கு வந்தால் அந்த விசா கழிந்துவிடும். வீட்டில் திருமணம், காதுகுத்து என்று முதல் இரண்டு மாதத்துக்குள் பயணம் ஏதும் இருந்தால் தேதியை முன்கூட்டியே யோசியுங்கள்.

கட்டணம் காலத்தைப் பொறுத்தது: ஓராண்டுக்குக் குறைவான அனுமதிக்கு 400 யுவான், ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் 800, மூன்று முதல் ஐந்தாண்டு வரை 1,000. நீட்டிக்க வேண்டுமானால் முடிவதற்கு 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதியில் பதிவான விவரம் ஏதாவது மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அங்கே குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு. கெடு தாண்டித் தங்கினால் முதலில் எச்சரிக்கை. கடுமையான நிலையில் நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம் அல்லது 5 முதல் 15 நாள் காவல்.

வேலை அனுமதி

இதில் பெரும்பகுதி முதலாளியின் வேலை. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் ஒரே முறைதான்: விண்ணப்பதாரர்களை ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கிறார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் சேரும் பி பிரிவுக்குப் பொதுவாக இளநிலைப் பட்டமும் இரண்டாண்டுத் தொடர்புடைய அனுபவமும் வேண்டும். வயது 60ஐத் தாண்டக் கூடாது. அனுமதி அறிவிப்புக் கடிதம் முதலில் வரும், அதை வைத்து இசட் விசா, நாட்டுக்குள் நுழைந்த 15 நாளுக்குள் வேலை அனுமதி விண்ணப்பம் என்பது வரிசை. 2024 டிசம்பர் முதல் தனி அட்டை தருவதில்லை. வேலை அனுமதி விவரம் சமூகப் பாதுகாப்பு அட்டையோடு இணைக்கப்பட்டுவிட்டது.

இந்தியாவிலிருந்து செல்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஒரு நாட்டின் ஆவணத்தை அப்போஸ்டில் என்ற ஒரே சான்றோடு, தூதரகச் சான்றொப்பம் இல்லாமல் மற்ற நாடு ஏற்க வழிசெய்வது அப்போஸ்டில் ஒப்பந்தம். 2023 நவம்பர் 7 முதல் சீனா அதில் இருக்கிறது. ஆனால் இந்தியாவின் ஆட்சேபத்தால் இரு நாடுகளுக்கும் இடையே அது பொருந்தாது. பட்டச் சான்றையும் காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் வெளியுறவு அமைச்சகம், பிறகு சீனத் தூதரகம் என்று பழைய வழியில்தான் சான்றொப்பம் பெற வேண்டும். 'அப்போஸ்டில் போதும்' என்று சொல்லிப் பணம் வாங்கும் முகவர்களை நம்பி வாரங்களை இழக்காதீர்கள்.

அனுமதியில் பெயர் உள்ள நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். எஸ்1 விசாவில் வந்த கணவரோ மனைவியோ வார இறுதியில் ஆங்கில டியூஷன் எடுப்பது சாதாரண விஷயமாகப் பேசப்படுகிறது, சட்டப்படி அது அனுமதியற்ற வேலை. மாணவர்கள் பகுதிநேர வேலை பார்க்கக் கல்வி நிறுவனத்தின் ஒப்புதலும் குடியிருப்பு அனுமதியில் அதற்கான குறிப்பும் வேண்டும். பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், நிலைமை மோசமானால் காவலும் சேரும்.

பெயர், பணம், கைப்பேசி

தமிழர்களின் பெயர் முறை சீனப் படிவங்களோடு மோதும் இடம் இது. அந்தப் படிவங்கள் குடும்பப் பெயர், தனிப்பெயர் என்று இரண்டு கேட்கும். நம் பாஸ்போர்ட் சிலவற்றில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருக்கும், சிலவற்றில் அப்பா பெயர் அங்கே நிற்கும், இன்னும் சிலவற்றில் இனிஷியல் விரிந்து நடுவில் வரும். கைப்பேசி இணைப்பு, வங்கிக் கணக்கு, வீசாட், பணம் செலுத்தும் செயலியான அலிபே எல்லாமே உண்மைப் பெயர்ச் சரிபார்ப்பில் இயங்குபவை. வங்கி ஊழியர் முன்னும் பின்னுமாகவோ இடைவெளி விடாமலோ தட்டிவிட்டால் மற்ற செயலிகள் 'பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். வங்கியில் கணக்கு திறந்ததும் எப்படித் தட்டச்சு செய்தார்கள் என்பதைத் திரையில் காட்டச் சொல்லிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சீனக் கைப்பேசி எண், பிறகு வங்கி, அதன்பின் செயலிகள் என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

வங்கிக் கணக்கு வரும் வரை வெளிநாட்டில் வழங்கப்பட்ட மாஸ்டர்கார்டு, விசா (Visa) வங்கி அட்டைகளை அலிபேயிலும் வீசாட்டிலும் இணைத்துச் செலவழிக்கலாம். 200 யுவான் வரையிலான செலவுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். 2024இல் ஒரு பரிமாற்றத்தின் உச்சவரம்பு 5,000 டாலராகவும் ஆண்டு வரம்பு 50,000 டாலராகவும் உயர்ந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி இந்திய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில் வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே திறந்துவிடுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் வருவதற்காக இந்திய எண்ணில் ரோமிங்கும் இருக்கட்டும்.

16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டையோ அனுமதி ஆவணத்தையோ எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் எதற்கும் தேசியக் குடிவரவு நிர்வாகத்தின் 12367 எண்ணில் 24 மணி நேரமும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் பதில் கிடைக்கும்.

வரியும் காப்பீடும்

ஓராண்டில் 183 நாள் சீனாவில் இருந்தால் வரிச் சட்டப்படி நீங்கள் அங்கு வசிப்பவர். ஆண்டுக்கு 60,000 யுவான் அடிப்படைக் கழிவு போக, விகிதம் 3 முதல் 45 சதவீதம் வரை. மாதா மாதம் நிறுவனம் பிடிக்கும், ஆண்டுக் கணக்கை மறு ஆண்டு மார்ச் 1 முதல் ஜூன் 30க்குள் சரிபார்க்க வேண்டும்.

2011 அக்டோபர் 15 முதல் வெளிநாட்டு ஊழியர்களும் சமூகக் காப்பீட்டில் சேர வேண்டும். ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் 8 சதவீதமும் மருத்துவத்துக்கு 2 சதவீதமும் பிடிப்பார்கள். சில நாடுகளோடு விலக்கு ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த 8 சதவீதம் உங்கள் பெயரில் உள்ள தனிக் கணக்கில் சேர்கிறது. ஓய்வூதியத் தகுதிக்கு முன்பே நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பினால், எழுத்து விண்ணப்பம் கொடுத்து அந்தத் தொகையை ஒரே தடவையில் பெற்றுக்கொள்ளலாம். முதலாளி செலுத்திய பங்கு திரும்ப வராது. விண்ணப்பத்தைக் கிளம்பும் வாரத்துக்குத் தள்ளாதீர்கள்: பணம் வந்து சேர வேண்டிய சீன வங்கிக் கணக்கை அதற்கு முன்பே மூடிவிட்டால், பெற்றுக்கொள்ள இடம் இருக்காது.