ஏஞ்சல் ட்ரம்பெட் வெட்டிய கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வெள்ளையும் மஞ்சளுமாக நீளமான பூக்கள் தலைகீழாகத் தொங்கும் செடியைப் பார்த்திருப்பீர்கள். நர்சரியில் ஏஞ்சல் ட்ரம்பெட் என்பார்கள், தாவரவியலில் ப்ருக்மான்சியா. ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். தோட்டத்துக்கென்று வளர்ப்பதில் பலவும் கலப்பினங்கள். ஆரியா, வெர்சிகலர் என்ற இரண்டு தென்னமெரிக்க இனங்கள் கலந்து வந்த கேண்டிடா அவற்றில் ஒன்று. பொழுது சாய்ந்தால் வாசனை ஊரைத் தூக்கும். கிளையை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும் என்பதால் வீட்டுக்கு வீடு கைமாறிவிடுகிறது.

கண் மருத்துவரான எனக்கு இந்தச் செடி அறிமுகமானது நோயாளிகள் வழியாகத்தான். முப்பது வயதுக்காரர் ஒருவர், வலது கண் கூசுகிறது, போனில் எழுத்து கலங்கலாக இருக்கிறது என்று வந்தார். டார்ச் அடித்தால் இடது கண்பாப்பா சட்டென்று சுருங்கியது. வலது அகலமாக விரிந்தபடி அப்படியே நின்றது. இப்படி ஒரு கண் மட்டும் விரிந்திருந்தால் எங்களுக்கு முதலில் வரும் பயம் மூளை ரத்தக்குழாயில் வீக்கம். ஆனால் இவருக்கு இமை தொங்கவில்லை, தலைவலி இல்லை, கண் எல்லாப் பக்கமும் அசைந்தது. "செடி கிடி வெட்டினீங்களா?" என்றேன். முந்தின நாள் வேலியோரம் வெட்டியிருக்கிறார். கண்பாப்பாவைச் சுருக்கும் மருந்தான பைலோகார்பின் சொட்டு விட்டும் பாப்பா சுருங்கவில்லை. நரம்புக் கோளாறாக இருந்திருந்தால் சுருங்கியிருக்கும். செடியின் சாறுதான் என்று தெரிந்தது. சில நாளில் தானாகச் சரியானது.

சாற்றில் இருப்பவை அட்ரோபின், ஸ்கோபோலமின், ஹயோசயமின். அட்ரோபினை நாங்களே கண்ணை விரிக்கச் சொட்டு மருந்தாக விடுகிறோம். அளவு தெரிந்து விடுகிறோம், அவ்வளவுதான்.

செடியைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. கையுறை போட்டு வெட்டுங்கள், கத்தரியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கண் வலித்துச் சிவந்தாலோ, இமை தொங்கினாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ, 'செடிதான் காரணம்' என்று நீங்களே முடிவு கட்டாமல் அன்றைக்கே காட்டுங்கள்.

குழந்தை பூவையோ விதையையோ தின்றுவிட்டால் அது வேறு கதை. வாய் வறண்டு, முகம் சிவந்து, இதயம் படபடத்து, இல்லாததைப் பார்த்துப் பிதற்றும், உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அப்புறம், ஒரு இலையும் பூவும் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டருக்குப் பாதித் தேடல் மிச்சம்.