பெர்மிற்றா, உரிமமா? அகழ்வு அனுமதிப்பத்திரம்

"காணி என்ரை. உறுதி என்ரை பேரிலை. என்ரை காணிக்குள்ளை கல்லுக் கிண்ட ஆரிட்டைப் பெர்மிற் எடுக்கோணும்?" யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்பவரின் கோபம் விளங்குகிறது. ஆனாலும் காணி உங்களுடையது என்று காட்டும் உறுதி வேறு, கல் அகழ விடும் பெர்மிற் வேறு.

இலங்கையின் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டப்படி கனிப்பொருளின் உடைமை குடியரசுக்கு உரியது. காணி உங்களுடையதாக இருக்கலாம். அதற்கு அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி விற்க உறுதி மட்டும் போதாது. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் தரும் அகழ்வு அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

பெர்மிற், லைசென்ஸ் இரண்டும் ஆங்கிலம் வழியாக வந்த இலத்தீன் சொற்கள். முதலாவதன் வேரில் 'போக விடுதல்' என்ற பொருளும், இரண்டாவதன் வேரில் 'செய்யலாம்' என்ற பொருளும் உண்டு. தமிழ்நாட்டில் லைசென்ஸை உரிமம் என்பார்கள். அங்கே ஓட்டுநர் உரிமம், இங்கே சாரதி அனுமதிப்பத்திரம். உரிமம் கட்டுக்கோப்பான, அழகான சொல்தான். ஆனால் அது உரிமை என்ற சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. கல் அகழும் விடயத்தில் நான் நம்மூர்ச் சொல்லின் பக்கமே நிற்பேன். அனுமதி என்றால் இன்னொருவர் தருவது. நிபந்தனை போடலாம், காலம் முடியும், மீறினால் பறிக்கலாம். அகழ்பவர் கையில் இருப்பதும் அதுதான்.

அனுமதி, பத்திரம் இரண்டும் வடமொழி. பத்திரம் என்றால் இலை. நாம் கடிதத்தை ஓலை என்றது போலத்தான். தனித்தமிழில் 'இசைவு' இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அதைக் காணிக்காரருக்கு வைத்துக்கொள்வது நல்லது: பிறர் காணியில் அகழ்வதற்குக் காணிக்காரர் தருவது இசைவு, அரசு தருவது அனுமதி.

சரி, அகழ்வு? யாழ்ப்பாணத்தில் யாரும் வாயால் 'அகழ்வு' என்று சொல்வதில்லை. கிணறு வெட்டுவோம், கல்லுக் கிண்டுவோம். கிண்டிய இடம் கல்லுக்கிடங்கு. அகழ்வு பத்திரிகையிலும் கந்தோர்க் கடிதத்திலும் வாழும் சொல். ஆனால் பழைய சொல். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்' என்று குறள் சொல்கிறது. கோட்டையைச் சுற்றியிருக்கும் அகழியும் இதே வேர்தான். குவாரி என்ற சொல்லின் இலத்தீன் மூலம் சதுரத்தைக் குறிப்பது: கல்லைச் சதுரமாக வெட்டி எடுக்கும் இடம். அந்தச் சொல் வெளியே போகும் கல்லைப் பார்க்கிறது. அகழ்விடம் என்ற சொல் பின்னால் மிஞ்சும் பள்ளத்தைப் பார்க்கிறது. எங்களுக்கு அந்தப் பார்வைதான் வேண்டும்.

ஏனென்றால் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. குடிக்கிற தண்ணீரும் தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீரும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்பவை. நன்னீருக்குக் கீழே உவர்நீர். கல்லைக் கிண்டும்போது அந்தத் தண்ணீர் நிற்கும் இடத்தையே கிண்டுகிறோம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோனது. அதற்காகக் கல் எடுத்த கிடங்குகள் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன.

பெர்மிற் என்ற சொல்லில் எனக்குள்ள பெரிய குறை, அது பல கடதாசிகளை ஒன்றாக்கிவிடுகிறது என்பதுதான். சட்டப்படி கனிப்பொருளைத் தேட, அகழ, ஏற்றிச் செல்ல, விற்க என ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். தரைக்கு மேலிருந்து அகழும் பரப்பு 10 ஹெக்டேயரைத் தாண்டினாலோ, ஆழ அகழ்வு 25 மீற்றரைத் தாண்டினாலோ சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள்ளும் போக வேண்டும். வெடி வைப்பதென்றால் அதற்கு வேறு அனுமதி. இவ்வளவும் நம் பேச்சில் ஒரே பெர்மிற்.

அதனால், ஒழுங்கைக்குள் வந்து நிற்கும் டிப்பர்க்காரர் "பெர்மிற் இருக்கு அண்ணை" என்று ஒரு தாளை நீட்டினால், தலைப்பை வாசியுங்கள். போக்குவரத்து அனுமதிப்பத்திரம் என்றிருந்தால், அது ஏற்றிப் போவதற்கு மட்டும். கிண்டுவதற்கான கடதாசி எங்கே என்று கேளுங்கள். அது கையில் வந்தால் எந்தக் காணி, எவ்வளவு கல், எந்தத் திகதி வரை என்று பாருங்கள்.