கார்த்திகை ஜாடியும் சித்திரை ஜாடியும்

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் வெள்ளாறு கடலோடு சேரும் முகத்துவாரம். அங்கே ஒரே இடத்தில், ஒரே வலையை இழுத்து எடுத்த இரண்டு ஜாடிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே ஆற்றுத் தண்ணீர் என்று நம்பவே முடியாது. சித்திரை ஜாடியின் அடியில் வெளிறிய கஞ்சி போல ஏதோ கெட்டியாகப் படிந்திருக்கும். கார்த்திகை ஜாடியில் இருப்பது செம்பழுப்பு வண்டல், மக்கிய இலைத் துணுக்கு, அங்கங்கே ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவுதான்.

அந்தக் கஞ்சிதான் விலங்கு மிதவை உயிரிகள். பெயர்தான் புதிது, ஆள் பழையவர். மீன் சந்தையில் கூறு கட்டி விற்கும் சென்னாக்கூனியை வாங்கி வெங்காயம் போட்டு வதக்குகிறோமே, அதுவும் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். என்ன, இந்தக் கூட்டத்தில் அது யானை. மற்றவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. நீந்தத் தெரியாதவை அல்ல, நன்றாகவே நீந்தும். ஆனால் நீரோட்டத்தை எதிர்த்துப் போக வலுவில்லை, அது தள்ளும் பக்கம் போகும். 1887இல் ஜெர்மானிய அறிவியலாளர் விக்டர் ஹென்சன் இவற்றுக்கு ‘பிளாங்க்டன்’ என்று பெயர் வைத்ததும் அதனால்தான். அலைந்து திரிவது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல் அது.

பிடிக்கும் வலை கூம்பு வடிவம். வாயில் ஒரு வளையம், வாலில் ஒரு சிறு குப்பி. துணியின் கண் 158 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆறாக வெட்டினால் ஒரு துண்டைவிடக் கொஞ்சம் சிறியது. படகில் கட்டி மெதுவாக இழுத்து, வலையை வெளிப்புறமாகக் கழுவி, குப்பியில் சேர்ந்ததை ஃபார்மலினில் போட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு மில்லிலிட்டராக ஒரு கண்ணாடித் தட்டில் விட்டு எண்ணும் வேலை. கண் எரியும், கழுத்து வலிக்கும். ஆனால் நுண்ணோக்கியில் முதன்முறை பார்ப்பவர்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள்.

சித்திரைத் துளியில் அதிகம் தெரிவது கோபிபாட். நீர்த்துளி போன்ற உடல், நெற்றியில் ஒற்றைக் கண், பக்கத்துக்கு ஒன்றாக விரிந்த நீண்ட உணர்கொம்பு. துடுப்பு மாதிரி கால்கள் இருப்பதால்தான் அந்தப் பெயர். உயிரோடு இருக்கும்போது அதன் பக்கத்தில் ஒரு ஊசியைக் கொண்டுபோனால் ஒரே எகிறு, காட்சியிலிருந்தே காணாமல் போய்விடும். இதோடு தலையில் நீண்ட முள் வைத்த நண்டுக் குஞ்சு, இறால் குஞ்சு, இரட்டை ஓட்டைச் சுமந்து திரியும் சிப்பிக் குஞ்சு, கண்ணாடிக் குச்சி போன்ற அம்புப்புழு, மண்துகளை ஒட்டித் தனக்கென்று குடுவை கட்டிக்கொண்ட டின்டினிட் என்ற ஒற்றைச் செல் உயிரி. பெரிய நண்டும் சிப்பியும் தரைவாசிகள்தானே என்றால், ஆமாம், குழந்தைப் பருவத்தில் மட்டும்தான் மிதவை வாழ்க்கை.

கார்த்திகைத் துளியில் இவர்களில் பாதிப் பேரைக் காணோம். எங்கே போனார்கள்?

வெப்பம் குறைந்ததால் என்று சொல்லத் தோன்றும். ஐரோப்பியக் கடல்களில் அது ஓரளவு சரி. அங்கே குளிர்காலத்தில் வெளிச்சம் சுருங்கும், வசந்தத்தில் திரும்பி வரும், அதோடு மிதவை உயிரிகளும் பெருகும். நம் கரையில் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்புதான். இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது உப்பு.

வெள்ளாறு சேர்வராயன் மலையில் பிறந்து வருகிறது. கடலூர்ப் பக்கம் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்போடு கிட்டத்தட்டக் கடலாகவே கிடக்கும் முகத்துவாரம், பெருவெள்ளத்தில் சில நாட்களிலேயே நல்ல தண்ணீருக்கு நெருக்கமாகிவிடும். கடலில் வாழும் சிற்றுயிருக்கு இது சாதாரணச் சங்கதி இல்லை. அதன் உடலுக்குள் இருக்கும் திரவம் ஏறக்குறைய கடல்நீர் அளவுக்கு உப்பு. வெளியே உப்பு குறைந்தால் தண்ணீர் உடலுக்குள் நுழையும். ஊறவைத்த கொண்டைக்கடலை ஊதுகிற மாதிரி செல்கள் ஊதும். அம்புப்புழுவால் இதைத் தாங்க முடியாது. சில கோபிபாட்டுகள் கழிமுகத்திலேயே பழகியவை, உப்பு ஏறி இறங்குவதை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். அவைதான் கார்த்திகைத் துளியின் அந்த ஒன்றிரண்டு புள்ளிகள். கூடவே ஏரி, குளங்களிலிருந்து வெள்ளத்தோடு வந்த ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு போன்ற விருந்தாளிகளும் இருக்கும்.

இன்னொரு எளிய காரணமும் உண்டு: வெள்ளம் இருக்கிற கூட்டத்தை அப்படியே கடலுக்குத் தள்ளிவிடும். அங்கே போனாலும் பழைய கடல் இல்லை. கங்கை, மகாநதி, கோதாவரி என்று வடக்கே ஆறுகள் கொட்டிய உப்புக் குறைந்த நீர், அந்த மாதங்களில் கரையை ஒட்டிய நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி வந்துகொண்டிருக்கும். மாசி, பங்குனியில் அதே நீரோட்டம் திசை மாறி வடக்கே ஓடும்.

சரி, வெள்ளம் கெடுதல் மட்டும்தானா? இல்லை. கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது, அதனால் தாவர மிதவைகள் அப்போதைக்கு வளராது. ஆனால் வயலையும் காட்டையும் கழுவிக் கொண்டுவந்த நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் அங்கேயே கிடக்கும். தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் டயாட்டம் என்ற தாவர மிதவைகள் குபுகுபுவெனப் பெருகும். அவற்றை மேயும் கோபிபாட்டுகள் அடுத்து. நம் கரையின் வெதுவெதுப்பில் ஒரு கோபிபாட் முட்டையிலிருந்து முட்டையிடும் வயதுக்கு வர இரண்டு வாரமே அதிகம். வழியில் பதினோரு முறை சட்டை உரிக்க வேண்டும் என்பதைப் பார்த்தால் அது நல்ல வேகம்தான்.

பெருக ஆரம்பிப்பதற்கு விதை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் கடல்நீரோடு வரும். கொஞ்சம் காலடியிலேயே இருக்கும். அகார்ஷியா போன்ற கோபிபாட்டுகளின் முட்டைகள் சேற்றில் புதைந்து உறங்கக்கூடியவை. காலம் சரியில்லை என்றால் பொரியாமல் காத்திருக்கும், உப்பும் வெளிச்சமும் திரும்பியபின் பொரியும். சில இனங்களின் முட்டைகள் சேற்றில் பல பத்தாண்டுகள் கிடந்தபின்னும் பொரிந்திருக்கின்றன. வறண்ட ஏரியின் களிமண் மழை வந்ததும் மீன் குஞ்சு காட்டுகிற மாதிரி, என்று நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எண்ணிக்கை வேறு, இனப் பன்மை வேறு. மீன் இறங்கு தளத்தில் இரண்டு கூடை. இரண்டிலும் நூறு மீன், ஐந்து இனம். முதல் கூடையில் 96 மத்தி, மற்ற நான்கு இனத்திலும் ஒவ்வொன்று. இரண்டாவதில் இனத்துக்கு இருபது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மீனை எடுத்தால், முதல் கூடையில் வருவது மத்திதான் என்று பந்தயமே கட்டலாம். இரண்டாவதில் முடியாது. இந்த ‘முடியாது’ எவ்வளவு பெரியது என்று அளப்பதுதான் ஷானன் குறியீடு. முதல் கூடைக்கு 0.22 வரும், இரண்டாவதற்கு 1.61. ஆகவே, ஜாடி நிறைந்திருப்பதாலேயே பன்மை அதிகம் என்று ஆகிவிடாது. ஒரே இனம் பெருகி வலையை அடைத்துக்கொண்டால் குறியீடு படுத்துவிடும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக மின்னியதைப் பலர் படம் எடுத்தார்களே, அந்த நாக்டிலூக்கா அப்படிப் பெருகக்கூடிய ஒற்றைச் செல் உயிரி. ஆனால் வெள்ளாற்றுக் கோடையில் வழக்கமாக எண்ணிக்கை, இன வகை இரண்டும் சேர்ந்தே ஏறும். முகத்துவாரம் கடலாகிவிடுவதால் கடல்வாசிகளும் உள்ளே வருகிறார்கள், கழிமுகவாசிகளும் இருக்கிறார்கள்.

மாணவனாக இருந்தபோது ஒரு தை மாதம் எடுத்த ஜாடி என்னைக் குழப்பியது. காலையில் எடுத்ததில் அம்புப்புழுவும் நண்டுக் குஞ்சும் தாராளம். மதியத்துக்கு மேல் அதே இடத்தில் எடுத்ததில் கிட்டத்தட்ட கார்த்திகை. வலை கிழிந்துவிட்டதோ என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். படகோட்டி அண்ணன் கரையில் சகதி தெரிந்த இடத்தைக் காட்டி, “தம்பி, காலையில ஏத்தம், இப்ப வத்தம்” என்றார். காலையில் நான் எடுத்தது உள்ளே ஏறி வந்த கடல்நீர், மதியம் எடுத்தது இறங்கிப் போகும் ஆற்றுநீர். இரண்டு ஜாடியின் சீட்டிலும் தேதியை மட்டும்தான் எழுதியிருந்தேன்.