டேங்கர் வேகன் கவிழ்ந்தால்: ஓடிப்போய் உதவியவர் எங்கே மனு கொடுப்பது?

2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம் புரண்டு எரிந்தது. அதுபோல ஒன்று சேலம் பக்கம் லோக்கூருக்கும் டேனிஷ்பேட்டைக்கும் நடுவே, சேர்வராயன் மலையடிவாரத்தில் கவிழ்ந்தால், தீயணைப்பு வண்டிக்கு முன்னால் ஓடப்போவது பக்கத்து ஊர்க்காரர்கள்தான். புகையைச் சுவாசித்து அவர்களில் ஒருவர் படுத்துவிட்டால்? தப்பான கதவைத் தட்டியே வருஷங்களைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரயில்வே சட்டத்தின் 124ஆம் பிரிவு இழப்பீடு பயணிக்கும், பணியிலிருந்த ரயில்வே ஊழியருக்கும்தான். மீட்கப் போனவர் இரண்டிலும் சேரமாட்டார். அந்தப் பிரிவை நம்பிச் சேலம் சூரமங்கலத்து ரயில்வே ஆபீசுக்கு அலையாதீர்கள்.

சரி, கலெக்டர் ஆபீஸ்? 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி ரசாயன விபத்துக்குக் கலெக்டரே நிவாரணம் வழங்கலாம். ஆனால் அதில் ‘வாகனம்’ என்ற சொல்லின் விளக்கத்திலேயே ரயிலை விலக்கிவிட்டார்கள். அமிலம் லாரியிலிருந்து கொட்டினால் மனு செல்லும், ஓடும் ரயிலிலிருந்து கொட்டினால் செல்லாது. இதைச் சொல்லாமல் மனுவை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் கொடுமை. எந்தச் சட்டத்தின்கீழ் எடுத்துக்கொண்டீர்கள் என்று அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

போகவேண்டிய இடம் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயம். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், விபத்து என்றால் யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கெடு ஐந்து ஆண்டு. வேலையாக அனுப்பப்பட்ட தொழிலாளிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் தொழிலாளர் துறையில்தான் கேட்க வேண்டும். அங்கே “நீ கான்ட்ராக்டர் ஆள்” என்று விரட்டுவார்கள், நகராதீர்கள். வேலை வாங்கிய முதன்மை நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு.

எங்கே போனாலும் மனு நிற்பதும் விழுவதும் இரண்டு காகிதங்களால். முதலாவது, அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். அதில் வெறும் ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதவிடாதீர்கள். எந்த இடத்தில், மீட்பின்போது, எதைச் சுவாசித்தார் என்பது பதிவாக வேண்டும். இரண்டாவது எஃப்.ஐ.ஆர். ஊர் ஸ்டேஷனில் ரயில்வே போலீசுக்குப் போ என்பார்கள், அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். நகலும் இலவசம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசம். வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் செயலாளரையே பாருங்கள்.